விழா தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டிய நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

நகரக் கலைவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. விழா முடிந்த பிறகு நன்றி சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. விழா தொடங்கிவிட்டால் உங்களில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஒருவருக்கு. போன வருடம் அப்பாவைச் சக்கர நாற்காலியில் விழாவுக்கு அழைத்து வந்திருந்தேன். திறந்தவெளி அரங்கின் வாசலில் இரண்டு படிகள். இரண்டே படிதான், ஆனால் எங்களுக்கு அது மதில்சுவர். "பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம் வா" என்றார் அப்பா. எத்தனை இடத்தில் இதைச் சொல்லியிருந்தால் அந்த "பரவாயில்லை" இவ்வளவு சாதாரணமாக வந்திருக்கும்! அப்போது கையில் மஞ்சள் பட்டை கட்டிய ஒரு தம்பி ஓடி வந்தார். நாற்காலியில் கை வைக்கவில்லை. குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்து, "ஐயா, பின்பக்கம் படி இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அப்படிப் போகலாமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்டார். கலைஞர்கள் இசைக்கருவிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வழியாக எங்களைக் கூட்டிச் சென்று, முன்வரிசை ஓரத்தில் ஒரு இருக்கையை எடுத்துவிட்டு அங்கே இடம் செய்து கொடுத்தார். அன்று பார்த்த நடனத்தைப் பற்றி அப்பா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். தம்பி, உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். நான் தன்னார்வலராகச் சேர்ந்ததற்கு நீங்கள்தான் காரணம்.

சேருவதற்குத் தயங்கினேன். படிவத்தில் 'கலைத்துறை அனுபவம்' என்ற கட்டத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அதைக் காலியாகவே விட்டு அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து ஒரு கதை சொன்னார். 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் முதல் சர்வதேசக் கலைவிழா நடந்தபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டனவாம். உலகம் முழுக்கப் பெயர்பெற்ற எடின்பரோ ஃபிரிஞ்ச் விழா அப்படிப் பிறந்ததுதான். "நீங்கள் விண்ணப்பமே போட்டுவிட்டீர்கள், அப்புறம் என்ன தயக்கம்?" என்றார். அக்கா, அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு நன்றி. எனக்கு எங்கே வேலை வேண்டும் என்று கேட்டபோது, படி உள்ள அந்த வாசலைத்தான் கேட்டேன். கொடுத்துவிட்டீர்கள்.

இந்த முறை அந்த வாசலில் சாய்தளம் வந்துவிட்டது. அதைச் செய்த தச்சர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு படியும் சேர்ந்து ஓர் அடி உயரம். ஆறடிப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்; அதற்குக் குறைந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும் என்றார். நேராகப் பன்னிரண்டு அடிக்கு அங்கே இடமில்லை. நடுவில் சமதளமாக ஒரு திருப்பம் வைத்து இரண்டு துண்டாகச் செய்தார். சக்கரம் நழுவாமல் இருக்க இரு ஓரமும் சட்டம் அடித்தார். எல்லாம் முடிந்ததும் தானே ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் தள்ளாமல் மேலே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் கருவிகளை எடுத்து வைத்தார். அண்ணே, அந்த மாலையை நான் மறக்க மாட்டேன்.

பயிற்சி கொடுத்த பாதுகாப்புக் குழுவினருக்கும் நன்றி. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, எங்களை ஒவ்வொருவராக அதற்குள் நிற்க வைத்தீர்கள். மூன்று பேர் வரை வசதி. ஐந்தாவது ஆள் வந்ததும் தோள்கள் இடித்தன. ஆறாவது ஆள் நுழைந்தபோது எனக்குக் கால் மாற்றி வைக்க இடமில்லை. நெரிசல் என்ற சொல்லை அன்றுதான் உடம்பால் புரிந்துகொண்டேன். அப்புறம் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் நின்றீர்கள். என் கண் தரையிலிருந்து நாலடி உயரத்தில்தான் இருந்தது, தெரிந்ததெல்லாம் முதுகுகள். அப்பா எத்தனை நிகழ்ச்சிகளை இப்படிப் பார்த்திருப்பார்!

ஓவியக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் முதலில் கோபப்பட்டுவிட்டேன். நீர்வண்ண ஓவியங்கள் இருக்கும் அறை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது, பார்வை குறைந்த பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினீர்கள். காகிதத்தில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சம்தான் பாதுகாப்பு. வெளிச்சத்தில் வெளுத்துப்போன வண்ணத்தை மீட்க வழியே கிடையாது. சரி, பெரியவர்களுக்கு? அடுத்த வாரமே ஓவியக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, நல்ல வெளிச்சமுள்ள நடைபாதையில் நாற்காலிகளோடு வைத்துவிட்டீர்கள். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

சைகை மொழி கற்றுத் தந்த ஆசிரியருக்கு: 'வணக்கம்', 'இந்த வழி', 'தண்ணீர்', 'கழிப்பறை', 'உதவி வேண்டுமா' ஆகியவற்றைத் தினமும் கண்ணாடி முன் பழகுகிறேன். காது கேளாதவரிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவரையே பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, போன வருடத்துத் தம்பி அப்பாவைப் பார்த்துப் பேசியது நினைவுக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்தில், மேடை இருட்டும்போதும் அணையாத தனி விளக்கு வைக்கச் சொன்னதற்கும் நன்றி. மின்பணியாளர்கள் அதை மாட்டிவிட்டார்கள்.

வேலையிடத்தில் எனக்காக மூன்று நாள் முறை மாற்றிக்கொண்ட தோழிக்கும், அந்த நாட்களில் அப்பாவோடு இருக்கப்போகும் தங்கைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் என் வேலை மாலை ஆறு மணிக்கு முடிகிறது. ஏழு மணிக்கு நிழல் பொம்மலாட்டம். கைப்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவோடு பார்வையாளராக உட்காரப் போகிறேன். அவர் இப்போதே நிகழ்ச்சி நிரலில் அதை வட்டமிட்டு, தலையணை அடியில் வைத்திருக்கிறார். சாய்தளம் பற்றிச் சொன்னதும், திருப்பம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். வலப்பக்கம் என்றேன். "அப்படியானால் நானே ஏறிவிடுவேன்" என்றார்.

தம்பி, இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், இரண்டாம் நாள் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வாசலுக்கு வாருங்கள். அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
திறந்தவெளி அரங்க வாசலின் புதிய தன்னார்வலர்