மூன்று வரியில் அடங்காத எங்கள் பி.டி. சார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் பழைய உடற்கல்வி ஆசிரியர் காலமான செய்தி வந்திருந்தது. வயது 80, ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு மகள், இறுதிச்சடங்கு இன்ன நேரம் என்று மூன்றே வரி. குறை சொல்லவில்லை, அந்தப் பகுதியில் இருக்கிற இடம் அவ்வளவுதான். ஆனால் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் 1970களில் படித்த எங்களுக்கு அவர் யார் என்பதையும் யாராவது எழுத வேண்டுமே. பெயர் போட்டுப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. பி.டி. சார் என்றே எழுதுகிறேன், ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவரும் அவர்தான். சார் அங்கே சேர்வதற்குப் பல வருடம் முன்பே பக் இறந்துவிட்டார். இருந்தாலும், நேற்று சாயங்காலம் கூட நின்று பேசியவர் போல, "பக் துரை என்ன சொல்லுவார்னா..." என்று ஆரம்பிப்பார். துரை சொன்னதாக அவர் சொன்னதில் பாதி அவர் சொந்தச் சரக்கு என்பது எங்கள் சந்தேகம்.

ஓடுதளம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் மைதானத்தில் 200 மீட்டர் தளத்துக்குத்தான் இடம். நேர்கோடு இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது, ஆக 80 மீட்டர். மிச்சம் 120 மீட்டர் இரண்டு அரைவட்டத்தில் வர வேண்டும். ஆரம் எவ்வளவு என்று எங்களையே மண்ணில் கணக்குப் போடச் சொல்வார். 19.10 மீட்டர் வரும். "கோட்டு மேலயேவா ஓடுவே? 30 சென்டிமீட்டர் தள்ளித்தானே ஓடுவே? அதைக் கழி." 18.80. அந்த அளவுக்குக் கயிறு கட்டி, நடுவில் ஆணி அடித்து, ஒருத்தி பிடித்துக்கொள்ள இன்னொருத்தி சுற்றி வருவாள். பின்னாலேயே சுண்ணாம்புத்தூள் டப்பாவோடு சார் வருவார். ஒரு சுற்று ஓட்டத்தில் இரண்டாவது பாதைக்காரர் ஏன் 7.04 மீட்டர் முன்னால் நிற்கிறார் என்பது எங்கள் வகுப்பில் ஃபெயிலான பையனுக்கும் தெரியும். ஒருமுறை கணக்கு வாத்தியார் விளையாட்டுப் பீரியடைக் கடன் கேட்டு வந்தார். "தாராளமா எடுத்துக்குங்க சார், ஆனா பிள்ளைங்க மைதானத்துலதான் இருப்பாங்க, நீங்க இங்க வந்து நடத்துங்க" என்றார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்டம் என்று பூப்பந்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, அப்போதெல்லாம் 29 பாயின்ட். பள்ளியில் அதற்குக் காசு இல்லை. சவுக்குக் கம்பு நட்டார், முத்துப்பேட்டை மீனவர் ஒருவரிடம் பழைய வலை வாங்கி வெட்டிக் கட்டினார். பெண்கள் அணி என்று ஒன்று ஆரம்பித்தபோதுதான் பெரிய சண்டை. வயசுக்கு வந்த பிள்ளை மைதானத்தில் குதிக்கிறதா என்று என் அப்பா வாசலிலேயே மறித்தார். சார் வாதம் செய்யவில்லை. "வெளியூர் போட்டின்னா எங்க வீட்டம்மாவும் கூட வருவாங்க ஐயா" என்றார். சொன்னபடியே அந்த அம்மா ஒவ்வொரு போட்டிக்கும் தூக்குவாளி நிறையத் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக எங்களோடு பஸ் ஏறினார்கள். அவர்களுக்கு எந்தச் செய்தியிலும் ஒரு வரிகூடக் கிடையாது.

அடிப்பார். அதை மறைத்துப் புகழ எனக்கு விருப்பமில்லை. விசில் கயிறு கெண்டைக்காலில் ஒரு சுழற்று சுழற்றும், சுள்ளென்று இருக்கும். இந்தக் காலத்தில் அது செல்லாது, அன்றைக்கும் சரியில்லைதான்.

ஆனால் ஓட விடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்பவரும் அவர்தான். நீராகாரம் என்றாலோ, பதில் வராவிட்டாலோ, அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஓட்டம் இல்லை. ஸ்கோர் எழுதும் வேலையும் ஒரு கை பொட்டுக்கடலையும் கிடைக்கும். ஏன் ஓடவில்லை என்று மற்றவர்களுக்குத் தெரியாது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த பிறகு நான் அமைப்பாளர் வேலைக்குப் போனேன். பசியோடு வந்த பிள்ளையை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, அங்கே பார்த்ததுதான்.

1977 நவம்பர் 12 புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கூரை போன வீட்டு ஜனமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கியது. கஞ்சிக்குத் தள்ளுமுள்ளு. சார் விசிலை எடுத்து ஊதி, பெரியவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் முதலில் நிறுத்தி வரிசை போட்டார். ஊர்ப் பெரிய மனிதர்களும் வரிசையில்தான் நின்றார்கள்.

எங்கள் பள்ளியிலிருந்து இந்திய அணிக்கு யாரும் போகவில்லை. மாவட்டப் போட்டியில் ஜெயித்தோம், அதற்கு மேல் இல்லை. என்னோடு ஆடிய ஒருத்தி போலீசில் சேர்ந்தாள், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு யாரோ இதைக் கிண்டலாகக் கேட்டதற்கு, "நல்லா ஓடுறவன் நான் இல்லாமலே ஓடுவான். மீதி முப்பது பேரை ஓட வைக்கத்தான் கவர்மென்ட் எனக்குச் சம்பளம் கொடுத்துது" என்றாராம்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மகள் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். நீள நோட்டுகள், வருடத்துக்கு ஒன்று. ஜூனில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை, ஒவ்வொரு பிள்ளையின் உயரம், எடை, நீளம் தாண்டிய தூரம் எல்லாம் எழுதியிருக்கிறார். கடைசியாக வந்த பிள்ளைக்கும் ஒரு வரி உண்டு, முன்னேற்றம் இருந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். ஒரு பக்கத்தில் மைதானத்தின் அளவுகள் முழுவதும் படத்தோடு இருக்கின்றன.

பள்ளி கேட்டால் நோட்டுகளைக் கொடுக்க மகள் தயாராக இருக்கிறார். இப்போது அங்கே பணியில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் இந்தக் கடிதத்தைப் படித்தால் நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம். பி.டி. சார் வீடு என்றால் பஸ் நிறுத்தத்திலேயே காட்டுவார்கள். மழைக்காலத்துக்கு முன் போனால் நல்லது, பெட்டி இருக்கும் அறை ஒழுகுகிறது.

இப்படிக்கு,
பழைய மாணவி, ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
மன்னார்குடி