பதாகையை விட்டுவிட்டுப் பந்தோடு வாருங்கள்

வடக்கு மாகாணத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகளுக்கும், வன்னியின் பிரதேச செயலகங்களில் இருக்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும், எங்கள் ஊர்களுக்கு வேலைத்திட்டங்களோடு வரும் தொண்டு நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

கண்டாவளைப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரையான பிள்ளைகள் ஓடுவது, துள்ளுவது, பந்து எறிவது பற்றித்தான் இந்த மடல். கடனும் கூலியும் தண்ணீரும் கவலையாக இருக்கும் ஊர்களில் இதுவும் ஒரு பிரச்சினையா என்று கேட்பீர்கள். அந்தக் கவலைகளோடு பின்னிக் கிடப்பதால்தான் எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து வருபவர்கள் எங்கள் வளவுகளைப் பார்த்துவிட்டு, "உங்கட பிள்ளைகளுக்கென்ன, நாள் முழுக்க ஓடித் திரியலாம்" என்பார்கள். அரை ஏக்கர் காணி இருக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளை புழங்குவது கூட்டித் துப்புரவாக்கிய முற்றத்துக்குள் மட்டும். ஒரு பக்கம் சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. பின்னால் பற்றை, அதற்குள் புடையன் பாம்பு கிடக்கும். வேலிக்கு அப்பால் மணல் ஏற்றிக்கொண்டு பறக்கும் டிப்பர். எல்லாவற்றுக்கும் மேலே மிதிவெடிப் பயம். 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறி வந்த காலத்தில் "பலகையைத் தாண்டிப் போகாதே, கண்டதைத் தொடாதே" என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தோம். வெடி எடுத்து முடிந்த ஊர்களிலும் அந்தப் பேச்சு வாயை விட்டுப் போகவில்லை. "ஓடாதே, விழுவாய்." "ஏறாதே." "அங்கால போகாதே." அப்படிச் சொல்லும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளை விழுந்து கை முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும், அன்றைய கூலி போகும், கிழமைக் கடனுக்கு வருபவனுக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். கையில் போனைக் கொடுத்துக் கட்டிலில் இருத்திவிட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். என்னிடம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மாரில் பலர் இருபத்தைந்து, இருபத்தேழு வயதுக்காரர். 2008, 2009இல் அவர்களுக்கு எட்டு, பத்து வயது இருந்திருக்கும். கெந்திப் பிடித்து, கிளித்தட்டு மறித்து, கயிறடித்துத் திரிய வேண்டிய வயது அவர்களுக்குப் பங்கரிலும் தறப்பாள் கொட்டிலிலும் போனது. மிச்சம் மெனிக் பாம் அகதி முகாமில் போனது. இப்போது அவர்களைக் கூட்டி இருத்தி, "பாரம்பரிய விளையாட்டுகளை வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்கிறோம். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அம்மம்மாமாருக்குத் தெரியும். அவர்களை நாங்கள் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை.

வளர வளர எல்லாம் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள், அதிகாரிகள் சிலர் உட்பட. பாதிதான் சரி. நடை வரும், ஒரு மாதிரியான ஓட்டமும் வரும். ஒற்றைக் காலில் கெந்துவது, ஓடி வந்து தாண்டுவது, குறி பார்த்து எறிவது, வரும் பந்தைக் கையால் ஏந்துவது எல்லாம் யாராவது காட்டி, பிழை திருத்தி, திரும்பத் திரும்பப் பழக விட்டால்தான் சரியாக வரும். முன்பள்ளி வயதில் பழகாத பிள்ளை பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் ஓரமாக நிற்கும். நின்றால் பழகாது, பழகாததால் இன்னும் நிற்கும். பெண் பிள்ளைகளைப் பந்து விளையாட்டில் கவனித்தால் இது நன்றாக விளங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று வழிகாட்டல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடமாவது உடம்பை அசைத்துத் திரிய வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும். திரைக்கு முன்னால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். இப்போது எங்கள் நேரத்தைப் பாருங்கள். எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு விடுகிறோம். அதற்குள் தேவாரம், காலை உணவு, கதை, பாட்டு, கை வேலை. அப்புறம் "ரீச்சர், இன்னும் எழுதப் பழக்கேல்லையோ?" என்று கேட்கும் பெற்றோருக்காகக் கொஞ்சம் எழுத்து. பத்து மணிக்குப் பிறகு வெயிலில் வெளியே விட முடியாது. அரை மணித்தியாலம் ஓட விட்டால் பெரிய காரியம். மிச்சம் முழுக்க வீட்டில்தான் நடக்க வேண்டும். அதனால்தான் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறேன்.

பெற்றோருக்கு என்ன செய்கிறோம்? 'விழிப்புணர்வுச் செயலமர்வு.' காலை ஒன்பது மணிக்கு என்று அழைப்பு. பதாகை கட்டி, விளக்கேற்றி, தலைமையுரை, சிறப்புரை. சுவரில் படம் போட்டு ஒருவர் "உடல் இயக்கத் திறன்களின் முக்கியத்துவம்" பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசுவார். பிள்ளைகள் தாயின் மடியில் அசையாமல் இருந்து கேட்க வேண்டும்! வரவுப் பதிவில் கையெழுத்து, ஒரு படம், ஒரு றோல்ஸ், ஒரு கேக் துண்டு. களை பிடுங்கப் போக வேண்டிய தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, தான் நல்ல தாய் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறாள். கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றி "அக்கறையில்லாத பெற்றோர்" என்று அறிக்கையில் ஒரு வரி வேறு.

பேச்சைக் கேட்டுப் பிள்ளைக்குப் பந்து பிடிக்கப் பழக்க ஒருவராலும் முடியாது. செய்து காட்ட வேண்டும்.

பந்து பிடிப்பதையே எடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்ளும். பந்து நெஞ்சில் பட்டு விழுந்த பிறகுதான் கை மூடும். "இவனுக்கு ஏலாது ரீச்சர்" என்று தாய் சிரிப்பாள். ஏலாமல் இல்லை, பயம். கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் பந்து கடினமானது, வேகமாக வரும், முகத்தில் பட்டால் நோகும். பழைய சீலைத் துணியைச் சுருட்டி, மேலால் இன்னொரு துணி சுற்றி இறுக்கிக் கட்டி, உரித்த தேங்காயை விடச் சற்றுப் பெரிதாக ஒரு பந்து செய்யுங்கள். அது துள்ளி ஓடாது, கிணற்றுப் பக்கம் உருண்டு போகாது, பட்டாலும் நோகாது. பிள்ளைக்கு முன்னால் இரண்டடி தள்ளிக் குந்தியிருந்து, அதன் நெஞ்சுக்கு நேரே கீழ்க்கையாக மெதுவாகப் போடுங்கள். "பந்தைப் பார்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வேண்டாம். ஏந்தத் தொடங்கினால் ஓரடி பின்னுக்குப் போங்கள். எறிவதற்கும் ஒரு சின்ன வழி இருக்கிறது. வலது கையால் எறியும் பிள்ளை இடது காலை முன்னுக்கு வைத்து எறிய வேண்டும், ஆனால் "இடது கால்" என்று சொன்னால் அதற்கு விளங்காது. கால் படவேண்டிய இடத்தில் ஒரு பூவரசம் இலையை வைத்து, "இலையை மிதிச்சுக்கொண்டு எறி" என்றால் போதும்.

இதை ஒரு தாய்க்கு முன்பள்ளி முற்றத்தில் காட்டினேன். கச்சான் ஆயப் போகிறவர், அன்று வேலை இல்லை. முதலில் வெட்கப்பட்டு, சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு குந்தினார். இரண்டு தரம் கொஞ்சம் வேகமாகப் போட்டுவிட்டார், மகள் கண்ணை மூடினாள். மூன்றாம் தரம் மெதுவாகப் போட, பந்து இரண்டு கைக்குள்ளும் வந்து இருந்தது. மகளை விடத் தாய்தான் பெரிதாகக் கத்தினார். பிறகு "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று அவரே கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை அவருடைய பழைய சட்டைத் துணியில் செய்த பந்தொன்று பிள்ளையின் பைக்குள் வந்தது. ஒன்றரை மணித்தியால உரையில் நடக்காதது பத்து நிமிடத்தில் நடந்தது.

இது என் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பின்தங்கிப் போகக்கூடிய நிலையிலிருந்த முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்றவற்றைப் பெற்றோரைக் கொண்டே பழக்கிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். வழமையான நிகழ்ச்சியோடு மட்டும் நின்ற பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்?

தாய்மாரை வரச் சொல்லாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே வரும் இடத்துக்கு நீங்கள் போங்கள். குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாளில் தாய்மார் வரிசையில் காத்திருக்கிறார்கள். திரிபோஷாச் சத்துமாவுக்கும் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மரத்துக்குக் கீழே ஒரு பாயும் நாலு துணிப் பந்தும் போதும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு செயல். ஒரு முறை ஏந்துதல், அடுத்த முறை கெந்துதல், அதற்கடுத்தது கோட்டில் நடத்தல். பிள்ளை வளர்ச்சிக் கட்டங்கள் சுகாதாரப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாகப் புத்தகம் அச்சடிக்கத் தேவையில்லை. முன்பள்ளி கல்விப் பக்கம், நிறை பார்ப்பது சுகாதாரப் பக்கம் என்பதால் இது நடக்காமல் கிடக்கிறது. பிரதேச செயலகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் ஒருமுறை இருந்து பேசினால் முடியும்.

நிறை குறைந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு பயம் உண்டு. "ஓடினால் இருக்கிற நிறையும் போயிடும்." இதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். வீட்டில் இரவுச் சாப்பாடு என்னவென்று தெரியாமல் விளையாட்டைப் பற்றி உபதேசம் செய்வது அசிங்கம். முன்பள்ளியில் காலை உணவு ஒழுங்காக வர வேண்டும், காசு மாதக்கணக்கில் பிந்தாமல் வர வேண்டும். பசித்த பிள்ளையை ஓட வைக்கும் திட்டத்தில் நான் சேர மாட்டேன்.

"ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்" என்றும் சொல்ல வேண்டாம். தாயிடம் அந்த மணித்தியாலம் இல்லை. பின்னேரம் விறகும் தண்ணீரும் அடுப்பும் இருக்கின்றன. அந்த வேலைக்குள்ளேயே பிள்ளையை அசைய வைக்கலாம். வயலுக்குப் போகும்போது கையைப் பிடிக்காமல் வரம்பில் நடக்க விடலாம். காய்ந்த உடுப்பை உருட்டிக் கடகத்துக்குள் எறியச் சொல்லலாம். சிரட்டை இரண்டில் கயிறு கோத்துக் கொடுத்தால் முற்றம் முழுக்க அதன்மேல் நடந்து திரியும். பனங்காய் வண்டிலுக்குச் செலவே இல்லை.

அப்பாமாரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கால் இழந்த அப்பாமார் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். கூலிக்குப் போக ஏலாமல் வீட்டில் இருப்பவர்களும் உண்டு. கதிரையில் இருந்து பந்து போடும் ஒருவரின் கை, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது. அவர்களைக் கூப்பிடுங்கள். உதவி பெறும் வரிசைக்கு மட்டும் அவர்களைக் கூப்பிட்டது போதும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிரதேச முன்பள்ளிகளுக்கு யாராவது ஏதாவது தருவதென்றால் முதலில் வருவது நிறம் நிறமான பிளாஸ்ரிக் சறுக்கி. படத்துக்கு வடிவாக இருக்கும். வன்னி வெயிலில் கிடந்து வெடிக்கும், நடுப்பகலில் அதில் இருந்தால் துடை சுடும், மாரிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். அந்தக் காசில் முன்பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் கிணறுகளுக்குக் கட்டுக் கட்டிக் கொடுங்கள். முற்றத்துக்கு ஒரு லோட் மணலும் நிழலுக்கு இரண்டு வேம்பும் தாருங்கள். கிணற்றுக்குக் கட்டு வந்த வீட்டில் தாய் "ஓடாதே" என்று சொல்வது குறையும். நீங்கள் எத்தனை செயலமர்வு வைத்தும் குறைக்க முடியாதது அது.

விளையாட்டு விழாவைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பிரதம விருந்தினர் வரும்வரை நாலு வயதுப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, பிறகு அணிநடை, பிறகு ஆளுக்கொரு தடவை பழம் பொறுக்கல். அரை நிமிட ஓட்டத்துக்கு அரை நாள் நிற்பு. முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று கிண்ணம் வேறு, தோற்ற பிள்ளை அழுகிறது. அதற்குக் கடன்பட்டு ரீசேட் வாங்கும் தாய்மாரையும் எனக்குத் தெரியும். இந்த வயதுக்குப் போட்டி வேண்டாம். அதே நாளைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் நாளாக மாற்றச் சுற்றறிக்கை ஒன்று விடலாம். மேடை வேண்டாம். அம்மம்மாமார் கிளித்தட்டுக் கோடு கீறட்டும்.

ஆசிரியைகளான எங்களைப் பற்றி ஒரு வரி. நாங்கள் வாங்கும் கொடுப்பனவு உங்களுக்குத் தெரியும், அதைத் தெரிந்துகொண்டு இன்னொரு படிவத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள். மதிப்பீடு வேண்டுமென்றால் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று கேட்காமல், வருடத் தொடக்கத்தில் கெந்தத் தெரியாமலிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது கெந்துகிறார்கள் என்று கேளுங்கள். அதை முற்றத்தில் நின்று பார்த்தே எழுதலாம்.

அடுத்த வருடத் திட்டங்களுக்கு வழமையாக மாரிக்கு முன்பே பட்டியல் கேட்பீர்கள். இந்த முறை பொருட்களின் பட்டியல் கேட்பதற்கு முன், ஒரு பிரதேசத்திலாவது நிறை பார்க்கும் நாளில் இதைத் தொடங்கிப் பாருங்கள். கண்டாவளையில் தொடங்குவதென்றால் பாயையும் பந்துகளையும் நான் கொண்டு வருகிறேன். சுகாதாரப் பக்கத்தின் அனுமதிக் கடிதத்தை மட்டும் நீங்கள் எடுத்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருத்தி,
கண்டாவளை, கிளிநொச்சி மாவட்டம்.