பத்துக்குப் பத்து அறைக்கு டோக்கியோவிலிருந்து

நிஷி கசாய், டோக்கியோ

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே அத்தான், குழந்தைகள் எல்லோரும் நலம்தானே? மும்பை செம்பூர் வீட்டுப் படுக்கையறைக்கு சுதார் (தச்சர்) வரப்போகிறார், சாமான் அடங்கவும் பார்க்க அழகாக இருக்கவும் என்னென்ன செய்யச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய்.

இந்த ஊரில் அறையின் அளவை அடியில் சொல்வதில்லை, தரையில் எத்தனை பாய் விரிக்கலாம் என்ற பாய்க்கணக்குதான். வீட்டு விளம்பரத்தில் ஒரு பாய் என்று போட்டால் குறைந்தது 1.62 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஆறு பாய் அறை 9.72 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 105 சதுர அடி. உன் அறையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜூனிலும் ஜூலை பாதி வரையிலும் இங்கேயும் விடாமல் தூறும், துணி காயாது. அதனால் இங்குள்ள பழக்கம் பலதும் மும்பைக்குப் பொருந்தும்.

பழைய பாணி வீடுகளில் ஒஷீரே என்று ஒரு சுவர் அலமாரி உண்டு. ஏறக்குறைய ஆறடி அகலம், இரண்டரை அடிக்கு மேல் ஆழம், நடுவில் ஒரு தட்டு. காலையில் மெத்தையை மடித்து அதற்குள் வைத்துவிட்டால் படுக்கையறையே கூடமாகிவிடும். மெத்தையை வெறும் பலகைமேல் வைக்க மாட்டார்கள். இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டத்தின் மேல்தான் வைப்பார்கள். உடம்புச் சூட்டில் மெத்தைக்குள் இறங்கிய ஈரம் வெளியே போக வழியில்லாவிட்டால் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பிடிக்கும்.

அடியில் சாமான் வைக்கிற உன் பாக்ஸ் கட்டிலிலும் இதுதான் நடக்கிறது. சுதார் மேலே முழு பிளைவுட் போடத்தான் பார்ப்பார், அவருக்கு அது சுலபம். மூன்று அங்குலச் சட்டங்களை இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு அடிக்கச் சொல். பிளைவுட்டேதான் என்றால் அரை அடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ஓட்டை போடச் சொல். உள்ளே வைக்கும் சாமான்மேல் பழைய வேட்டியை விரித்துவிட்டால் தூசி விழாது. மேல்பலகையைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் (கேஸ் கம்பி) வைப்பதாக இருந்தால் முதலில் மெத்தையைத் தீர்மானித்துவிடு. தேங்காய் நார் மெத்தையின் எடைக்கு வாங்கிய கேஸ் கம்பிமேல் லேசான ஃபோம் மெத்தையைப் போட்டால் பலகை கீழே சரியாகப் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். லேசான கம்பிமேல் கனத்த மெத்தையைப் போட்டால் திறந்த பலகை நிற்காமல் இறங்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது ஆபத்து.

வார்ட்ரோபில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஆழத்தில். ஹேங்கரே பதினேழு, பதினெட்டு அங்குலம், சட்டைத் தோள் அதையும் தாண்டும். வெளி அளவு 24 அங்குலம் என்பது கீல் வைத்த கதவுக்குத்தான் சரி. ஸ்லைடிங் கதவின் தடம் மூன்று அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும், பிறகு சட்டைக் கையெல்லாம் கதவில் மாட்டும். ஸ்லைடிங் என்றால் 27 அங்குலம் சொல். கீல் கதவுக்குப் பின்னால் டிராயர் வந்தால் பக்கவாட்டில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் கட்டை கொடுத்து உள்ளே தள்ளச் சொல், இல்லாவிட்டால் கதவை முழுக்கத் திறந்தாலும் டிராயர் கீலில் இடிக்கும். கசிவு வரும் வெளிச்சுவரோடு ஒட்டவே கூடாது, பின்னால் இரண்டு அங்குலம் விட வேண்டும். பழைய இரும்பு பீரோவையும் கட்டைமேல் ஏற்றி வை.

இங்கே கடையில் துணிப்பெட்டி இரண்டு ஆழத்தில் கிடைக்கும்: ஒஷீரேவுக்கு 74 செ.மீ., சாதாரண அலமாரிக்கு 53 செ.மீ. இடத்தை அளந்துவிட்டுத்தான் பெட்டி வாங்குவார்கள், நம் ஊரில் பெட்டியை வாங்கிவிட்டு இடம் தேடுவோம். அழகு என்று நீ கேட்டதற்கு இவர்கள் செய்கிற மலிவான வேலை ஒன்று: கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரியும் பெட்டியின் முன்பக்கத்துக்குள் வெள்ளை அட்டையைச் செருகிவிடுவது. உள்ளே என்ன நிறம் கலைந்து கிடந்தாலும் வெளியே ஒரே வெள்ளை. உனக்கு சார்ட் பேப்பரே போதும். திறந்த தட்டுகளுக்குக் கதவு வேண்டாம், சுவரின் நிறத்திலேயே திரை போடு. பிரம்புக் கூடையை மட்டும் தவிர்த்துவிடு. பார்க்க லட்சணமாக இருந்தாலும் முதல் மழையிலேயே பூசணம் பிடிக்கும்.

ஜூன் 1, அக்டோபர் 1. இந்த இரண்டு நாளையொட்டி இங்கே பருவத்துத் துணி மாற்றுவார்கள், பள்ளிச் சீருடை உட்பட. மும்பைக்கும் இது பொருந்துகிறது பார், மழை அங்கே ஜூன் பத்து வாக்கில்தானே தொடங்கும். பட்டு, கம்பளி, கோட்டு எல்லாவற்றையும் மே மாதமே நிழலில் காற்றாட விட்டு உள்ளே வைத்துவிடு. அக்டோபரில் எடுத்து மடிப்பை மாற்றி மடி, ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேதான் விடும். பட்டுக்கு பிளாஸ்டிக் உறை ஆகாது, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்று. காற்றை உறிஞ்சி எடுத்து மூடும் பை பருத்தி ரஜாய்க்கு (பஞ்சுப் போர்வைக்கு) நல்லது, பட்டுக்கும் தோலுக்கும் கூடாது. அந்தப் பைக்குள் லேசான ஈரம் போனாலும் மூடியபடியே பூசணம் பிடிக்கும்.

பாச்சை உருண்டையும் கற்பூரமும் ஒரே பெட்டியில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இளகி ஒழுகித் துணியில் கறையாகும். ஏதாவது ஒன்றை மட்டும் வை, அதுவும் ஜரிகையில் படாமல் மேல்தட்டில் துணியில் முடிந்து வை. ஈரத்துக்குக் கால்சியம் குளோரைடு டப்பா அலமாரியின் அடிமூலையில் ஒன்று. தண்ணீர் சேர்ந்ததும் மாற்றிவிடு. அது கவிழ்ந்தால் தோல் செருப்பும் பையும் சுருங்கிப் போகும்.

வாடகை வீட்டில் ஸ்க்ரூ போட இங்கேயும் யோசிப்பார்கள். காலண்டர் மாட்டிய குண்டூசி ஓட்டையைச் சாதாரணத் தேய்மானம் என்று விட்டுவிடுவார்கள். ஸ்க்ரூ ஓட்டை என்றால் காலி செய்யும்போது குடியிருப்பவர் தலையில் விழும். அதனால் இரண்டு சுவருக்கும் நடுவே முறுக்கி இறுக்கும் கம்பிதான் எங்கும். நீளம் கூடக் கூட அது தாங்கும் எடை குறையும். உன் டிஸ்டெம்பர் சுவரில் ரப்பர் முனை வழுக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு மாட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் இறுக்கு.

சுதார் வருவதற்கு முன் அறையின் மூன்று அளவையும், ஜன்னல் எந்தச் சுவரில், ஃபேன் எங்கே, கசிவு எங்கே என்பதையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. வார்ட்ரோபை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்.

அன்புடன்,
தம்பி