மும்பை சுத்திப் பாக்க வர்றவங்க ரூமை டவுன்ல போடுங்க, ஜுஹூவுக்கு ஒரு சாயங்காலம் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கூல் லீவு விட்டதும் ஊர்ல இருந்து சொந்தக்காரங்க மும்பைக்கு வர ஆரம்பிச்சிடுவாங்க, மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவின்னு நம்ம ஆளுங்க இருக்கிற எல்லா ஏரியாவுலயும் இப்படித்தான். இங்க வீடெல்லாம் சின்னது, ஒரு குடும்பமா வந்தா படுக்க இடம் பத்தாது, அதனால ரூம் போட்டுத்தான் ஆகணும், அப்போ போன்ல எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், டவுன் பக்கம் போடவா இல்ல பீச் பக்கம் ஜுஹூல போடவான்னு. முக்காவாசிப் பேர் கடைசில ஜுஹூதான் போடுறாங்க. அப்புறம் லீவு பூரா ரோட்டுலயும் ரயில்லயும் கழிஞ்சு, வயசானவங்க கால் வலியோட ஊர் திரும்புறத பாக்க மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அதான் இந்த லெட்டர்.

டவுன்னு நாங்க சொல்றது சிஎஸ்எம்டி (முன்னாடி விக்டோரியா டெர்மினஸ்னு சொன்ன பெரிய ரயில் ஸ்டேஷன்), ஃபோர்ட், சர்ச்கேட், கொலாபா, அந்தத் தெக்குக் கோடி. ஜுஹூ அங்கிருந்து வடக்கே 20 கிலோமீட்டருக்கு மேல. மும்பை தெக்கு வடக்கா நீளமா கிடக்குற ஊர், அகலம் கம்மி, ரயிலும் மெயின் ரோடும் பெரும்பாலும் அதே திசையிலதான் ஓடும். காலைல ஆபீஸ் கூட்டம் தெக்கே டவுனுக்கு இறங்கும், சாயங்காலம் வடக்கே வீட்டுக்குத் திரும்பும். ஜுஹூல தங்கினவங்க காலைல ஊர் பாக்கக் கிளம்பினா அந்தக் கூட்டத்தோடயே வரணும், சாயங்காலம் அந்தக் கூட்டத்தோடயே திரும்பணும். ஜுஹூவுக்குப் பக்கத்துல இருக்கிற பார்லா (விலே பார்லே) ஸ்டேஷன்ல காலை 9 மணிக்கு சர்ச்கேட் லோக்கல்ல ஒரு பாட்டியையும் ரெண்டு குழந்தைகளையும் ஏத்திப் பாருங்க, அப்போ தெரியும். டவுன்ல தங்கினா இது அப்படியே தலைகீழ், காலைல வடக்கே போற வண்டில உக்காந்து போகலாம், ராத்திரி தெக்கே வர்ற வண்டியும் காலியா இருக்கும்.

இன்னொண்ணு, ஆட்டோ. மேற்குல பாந்த்ரா, கிழக்குல சயான், அதுக்குத் தெக்கே ஆட்டோ வரவே கூடாது, ரொம்ப காலமா இருக்கிற ரூல் இது. ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு இது தெரியாம ஜுஹூல ஆட்டோ பிடிச்சு கேட்வே ஆஃப் இந்தியா போங்கன்னு சொல்வாங்க, ஆட்டோக்காரர் பாந்த்ராவுல இறக்கி விட்டுடுவார், அங்க இருந்து பெட்டி பையோட காலி பீலின்னு சொல்ற கறுப்பு மஞ்சள் டாக்ஸி தேடணும்.

பீச்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது மெரினாவும் பெசன்ட் நகரும்தான், அதனால பீச் ஓரம் தங்கினா நிம்மதியா இருக்கும்னு நினைக்கிறாங்க, அந்த ஆசை நியாயமானதுதான், நான் குறை சொல்லல. ஜுஹூவுல மணல் அகலமா இருக்கு, சாயங்காலம் பாவ் பாஜி, பேல் பூரி, ஐஸ் கோலான்னு குழந்தைங்களுக்குக் கொண்டாட்டம். ஆனா அது ஒரு சாயங்காலத்துக்கான இடம். பகல்ல மே மாச வெயில்ல அந்த மணல்ல கால் வைக்க முடியாது, அந்தத் தண்ணி குளிக்கிற தண்ணியும் இல்ல. ஜூன்ல மழை வந்துட்டா கடல் ஆளையே இழுத்துட்டுப் போகும், குப்பையெல்லாம் கரைல ஒதுங்கும், கொட்டுற ஜெல்லி மீனும் வரும். ஒவ்வொரு மழைக்கும் ஜுஹூல இளவட்டப் பசங்க தண்ணில இறங்கி உயிரை விடுற செய்தி வருது. லைஃப்கார்ட் விசில் அடிச்சா தயவு செஞ்சு உடனே கரைக்கு வந்துடுங்க.

சரி, டவுன்ல தங்கினா கடலை விட்டுடணுமான்னா இல்லவே இல்ல, இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். டவுனுக்கு ரெண்டு பக்கமும் கடல். கேட்வே கிழக்கு பாத்த துறைமுகப் பக்கம், மெரைன் டிரைவ் மேற்கு பாத்த அரபிக்கடல். கொலாபாவுல ரூம் போட்டா விடியக்காலைல கேட்வேல சூரிய உதயம் பாத்துட்டு, அதே நாள் சாயங்காலம் மெரைன் டிரைவ் சுவத்துல உக்காந்து சூரியன் கடல்ல இறங்குறதையும் பாக்கலாம், நடுவுல நடந்தா ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர்தான். மெரினாவுல உதயம் பாத்துப் பழகின நமக்கு கடல்ல அஸ்தமனம் பாக்குறது தனி சந்தோஷம். மணல்தான் வேணும்னா மெரைன் டிரைவோட வடக்கு முனைல கிர்காவ் சௌபாட்டி இருக்கு, குழந்தைங்க வீடு கட்டி விளையாட அது போதும். அந்தச் சுவரைத் தாண்டி அலையைத் தடுக்கப் போட்டிருக்கிற டெட்ராபாட் கான்கிரீட் கல்லு மேல மட்டும் இறங்காதீங்க, வழுக்கும்.

மும்பைல யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற இடம் மூணு, மூணுக்கும் கொலாபா ரூம்ல இருந்து சுலபமா போயிடலாம். 1888ல கட்டி முடிச்ச சிஎஸ்எம்டி ஸ்டேஷன், 2004ல பட்டியல்ல வந்தது. ராத்திரி லைட் போட்டதும் எதிர்ப் பக்கம் நின்னு பாருங்க, அவ்வளவு அழகு. ஓவல் மைதானத்தைச் சுத்தி இருக்கிற கட்டடங்கள் 2018ல வந்தது, மைதானத்துக்கு நடுவுல நின்னா கிழக்குல ராஜாபாய் டவரும் ஹைகோர்ட்டும், மேற்குல 1930கள்ல ஆர்ட் டெகோங்கிற கட்டடப் பாணில எழும்பின வீடுங்களும் எதிரெதிரே தெரியும், டிக்கெட் கிடையாது, ஒரு பைசா செலவு இல்ல. மூணாவது எலிஃபெண்டா குகை, 1987ல சேந்தது, கேட்வேல இருந்து போட்ல ஒரு மணி நேரம். உள்ள ஏறக்குறைய 20 அடி உயரத்துல மூணு முகத்தோட சிவன், எங்க அம்மா அங்க பேச்சே இல்லாம நின்னுட்டாங்க, கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரமும் பாத்த கண்ணுக்கே அது புதுசா இருக்கும். திங்கக்கிழமை லீவு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்ல. படி 120க்கு மேல இருக்கு, வயசானவங்களைக் காலைல முதல் போட்லயே கூட்டிட்டுப் போங்க. லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கங்க, 2024 டிசம்பர்ல நடந்த போட் விபத்தை மறக்கக் கூடாது.

சென்னை மெயில்லயோ நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்லயோ வந்தா இறங்குறதே சிஎஸ்எம்டில, அங்க இருந்து ஃபோர்ட் நடை தூரம். சாப்பாட்டுக்கும் பயப்பட வேண்டாம், டவுன்ல உடுப்பி ஹோட்டல் நிறைய இருக்கு, நம்ம ஊர் காபி கட்டாயம் வேணும்னா சென்ட்ரல் ஸ்லோ லோக்கல் பிடிச்சு மாட்டுங்கா வந்துடுங்க, கோயிலும் பாத்துட்டு இட்லியும் சாப்பிட்டுட்டுப் போகலாம்.

வாடகைதான் பயமுறுத்துது, டவுன்னா தாஜ் மாதிரி ஹோட்டல்தான்னு சிலர் நினைக்கிறாங்க. ஃபோர்ட்லயும் கொலாபா சந்துகள்லயும் சாதாரண லாட்ஜ் இருக்கு, ரூம் சின்னதா இருக்கும், சில பழைய கட்டடத்துல லிஃப்ட் இருக்காது, அதைக் கேட்டுட்டு புக் பண்ணுங்க. ஜுஹூல கடல் தெரியுற ரூம் ஒண்ணும் மலிவு கிடையாது, கடல் தெரியாத ரூமுக்கு ஜுஹூ விலை கொடுக்குறதுல என்ன பிரயோஜனம்னு எனக்குப் புரியல.

ஜுஹூல தங்கவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். ஏர்போர்ட் அங்க இருந்து பக்கம், நடு ராத்திரி ஃபிளைட்ல வந்து ஒரு நாள் மட்டும் இருக்கிறவங்க, இஸ்கான் கோயிலுக்குன்னே வர்றவங்க, கைக்குழந்தையோட வந்து எங்கயும் சுத்த வேண்டாம்னு இருக்கிறவங்க தாராளமா அங்க தங்கலாம். ஃபிளைட்டுக்காகத்தான் பயப்படுறீங்கன்னா 2025 அக்டோபர்ல இருந்து அக்வா லைன் மெட்ரோ ஏர்போர்ட் ரெண்டு டெர்மினலையும் தொட்டுட்டு சிஎஸ்எம்டி, சர்ச்கேட் வழியா கஃப் பரேட் வரைக்கும் ஓடுது, டிராஃபிக் இல்ல, ஏசி. இது வந்த பிறகு டவுன்ல தங்குறது இன்னும் சுலபமாயிடுச்சு.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயித்துக்கிழமை பராமரிப்பு வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்துற மெகா பிளாக் எந்த லைன்ல, எத்தனை மணிக்குன்னு சனிக்கிழமை பேப்பர்லயே தமிழ்ல பெரிசா போடுங்க, அது தெரியாம ஸ்டேஷன்ல குடும்பத்தோட தவிக்கிறவங்க ரொம்பப் பேர். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஹை டைட்ல கடல் மட்டம் நாலரை மீட்டருக்கு மேல ஏறுற நாளையும் நேரத்தையும் முதல் பக்கத்துலயே போட்டுடுங்க.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாசகர், மும்பை