தடயவியல் படிப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தடயவியல் என்றால் கொலை நடந்த இடத்தில் பூதக்கண்ணாடியோடு நிற்பது என்றே பிளஸ் டூ பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பகுதி பொறுமையான மேசை வேலை. ரத்தக்கறை பட்ட சட்டையை நிழலில் உலர்த்திக் காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்து, டிஎன்ஏ சிதைந்துவிடும். அப்புறம் உறைக்குச் சீல் வைத்து, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற விவரத்தையும் எழுதிவைக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வழக்கே ஆட்டம் காணும்.

2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் குற்றம் நடந்த இடத்துக்கு நேரில் வரவேண்டும் என்கிறது. அதை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆட்கள் நிச்சயம் தேவை. வேதியியல், உயிரியல் பட்டதாரிகளுக்கு இது நல்ல வழி. தடயவியல் துறையினரே பள்ளிகளுக்கு வந்து பேச அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வேதியியல் ஆசிரியை, திண்டுக்கல்