பங்குனியில் ஒரு தடவை வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மாடியில் துணி காயவில்லை என்று அம்மா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போனில் பேசும்போது பேரன் குறுக்கே வந்துவிடுகிறான், அப்புறம் நீ அனுப்பிய போட்டோக்களைப் பற்றி எங்கே பேசுவது? அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கனடாவில், அல்கான்குவின் காட்டில் நீ எடுத்த படங்களை எல்லாம் பார்த்தேன். எனக்குப் பிடித்தது அந்த ஏரிக்கரைப் படம். மற்றவற்றில் ஃப்ரேம் முழுக்கச் சிவப்பு, கண் எங்கேயும் நிற்காமல் ஓடுகிறது. ஏரிக்கரையில் மட்டும் ஒரே ஒரு மேப்பிள் மரம். பின்னால் பைன் மரங்கள் கறுப்பாக நிற்பதால் இந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரிகிறது. அடியில் மாப்பிள்ளை நிற்கிறார், அவரை வைத்துத்தான் மரத்தின் உயரமே புரிகிறது. அன்றைக்கு மேகமூட்டமாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று. சுள்ளென்ற வெயிலில் இலைமேல் பளபளப்பு ஏறி நிறம் வெளுத்துவிடும். ஸ்டுடியோ வைத்திருந்தபோது, தோட்டத்தில் படம் எடுக்க வேண்டும் என்று வரும் கல்யாண வீட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். உச்சி வெயிலில்தான் முகூர்த்தம் முடிந்து ஃப்ரீயாக இருப்பார்கள்.

படங்களுக்குக் கீழே நீ ஒன்று எழுதியிருந்தாய்: "நம்ம மதுரையில் எடுக்க என்ன இருக்கு, வருஷம் பூரா ஒரே பச்சை." இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ ஊருக்கு வருவதெல்லாம் டிசம்பரில். மழை முடிந்த கையோடு வந்தால் பச்சையைத் தவிர வேறு என்ன தெரியும்?

மாசிக் கடைசியில் வந்து பார். புங்கை மொத்த இலையையும் கொட்டிவிட்டு நிற்கும், பட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். சில நாள் கழித்து அதே வழியாகப் போனால் எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுவென்று இளம்பச்சை. அரச மரம் செம்பு நிறத்தில் துளிர்க்கும். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று, வெளிச்சம் இலையை ஊடுருவி வரும்படி எடுத்தால் ஒவ்வொரு நரம்பும் தெரியும். இலுப்பையைத்தான் நீ சரியாகப் பார்த்ததே இல்லை. இலையெல்லாம் உதிர்ந்த கிளை நுனியில் துருப்பிடித்த நிறத்தில் மொட்டுகள் கொத்தாகத் தொங்கும். விடியற்காலையில் பூக்கள் பொலபொலவென்று கீழே விழும். வெளிர் மஞ்சளில் குண்டு குண்டாக, சதைப்பற்றாக இருக்கும், வாயில் போட்டால் இனிக்கும். ராத்திரி வௌவால் வந்து தின்ற மிச்சம்தான் நமக்கு. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும், இல்லையென்றால் மிதிபட்டு நாறிவிடும். பூ முடிகிற நேரத்தில் அந்தக் கிளைகளிலேயே செக்கச் செவேல் என்று தளிர் வரும். அந்தச் சிவப்பை உன் மேப்பிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். ஆந்தோசயனின் என்கிற சிவப்பு நிறமி. உங்கள் ஊரில் பகல் குறையக் குறைய மரம் இலையிலுள்ள சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையம் சிதைந்ததும் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை, அந்த நேரத்தில் மரம் அதைப் புதிதாக உண்டாக்குகிறது. பகலில் நல்ல வெயிலும் ராத்திரி உறையாத அளவு குளிரும் இருந்தால் சிவப்பு இன்னும் கூடும். இங்கே அதே சிவப்பு இலை பிறக்கும்போது வருகிறது. இளந்தளிர் வெயிலில் கருகாமல் இருக்க ஒரு காப்பு என்கிறார்கள். மாந்தளிரும் அப்படித்தானே. நம்ம மரங்கள் இலையை உதிர்ப்பது குளிருக்காக அல்ல, வறட்சிக்காக.

சித்திரையில் கொன்றை. எல்லோரும் மஞ்சள் கொத்தை மட்டும் குளோசப்பில் எடுப்பார்கள். நீ கொஞ்சம் தள்ளி நின்று, போன வருஷத்துக் காய்கள் கறுப்புக் குச்சிகளாக அந்தப் பூவுக்கு நடுவே தொங்குவதையும் சேர்த்து எடு. மே மாதம் குல்மோகர் இருக்கவே இருக்கிறது. அது மடகாஸ்கரிலிருந்து வந்த விருந்தாளி, எனக்கு அதன்மேல் பெரிய மோகம் இல்லை. ராணி மங்கம்மாள் காலத்து என்று சொல்லிக் காட்டுவோமே, அந்த மாதிரி சாலையோரப் புளியமரங்கள் நான்குவழிச் சாலைக்காக நிறையப் போய்விட்டன. மிச்சமிருப்பதை நான் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து முணுமுணுப்பாள்.

உன் மேப்பிளையும் விட்டுவிடாதே. சிவக்கும்போது மட்டும் போய்ப் பார்த்தால் எப்படி? வீட்டுப் பக்கத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று எடு. மார்ச்சில் மொட்டை மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்குவார்களே, அதையும் எடு. சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு வருமாம். இங்கே பனையேறிகள் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதும் அதே மாதங்களில்தான்.

பனியில் எடுக்கும்போது ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்ட கல்யாண மாப்பிள்ளையை ஃப்ரேம் முழுக்க வைத்தால் கேமரா ஏமாந்து சாம்பலாக்கிவிடும். பனியும் அப்படித்தான். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி வை. வெளிக்குளிரிலிருந்து கேமராவை நேரே வீட்டுச் சூட்டுக்குள் கொண்டுவராதே, லென்ஸில் வேர்த்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி உள்ளே கொண்டுவந்து, சூடு ஏறியபிறகு திற. பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் டிசம்பருக்குப் பதில் பங்குனியில் வா. டொராண்டோ ஹை பார்க்கில் பூக்கிற செர்ரிப் பூக்களை விட்டுவிட்டு எப்படி வருவது என்று சொல்லாதே. 1959இல் டோக்கியோ மக்கள் கொடுத்த மரங்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவை பூக்க ஏப்ரல் கடைசி ஆகும், அதற்குள் திரும்பிவிடலாம். பேரனுக்கு மார்ச்சில் ஒரு வாரம் லீவு உண்டே, அதோடு கொஞ்சம் சேர்த்துப் பள்ளியில் கேட்டுப் பார். மாப்பிள்ளையிடம் நான் பேசட்டுமா?

ஏரிக்கரைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாய், அது பாதியாகச் சுருங்கிவிட்டது. ஒரிஜினல் ஃபைலை மெயிலில் அனுப்பு. 12க்கு 18 இன்ச் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா