விடுதலைச் சட்டமும் பள்ளிக்கூடமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அடிமைமுறை ஒழிப்பு பற்றிய ஞாயிறு கட்டுரையில், வட மாநிலங்கள் சீக்கிரமே விடுதலை கொடுத்துவிட்டன என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அங்கே நடந்தது அவ்வளவு எளிதல்ல.

நியூயார்க்கின் 1799 சட்டம், அந்த ஆண்டு ஜூலை 4-க்குப் பின் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் விடுதலை தந்தது. அதுவும் ஆண்கள் 28 வயது வரை, பெண்கள் 25 வயது வரை தாயின் எஜமானரிடம் உழைக்க வேண்டும். படிக்கிற வயது மொத்தமும் அதிலேயே போய்விடும்!

நியூயார்க் நகரில் 1787-இலேயே தொடங்கிய ஆப்பிரிக்கர் இலவசப் பள்ளிதான் கொஞ்சம் ஆறுதல். அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். அதில் படித்த ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். 1827-இல்தான் அவருக்கு விடுதலை. அப்புறம் மருத்துவம் படிக்க நினைத்தால், அமெரிக்கக் கல்லூரிகள் நிறத்தைக் காட்டி இடம் மறுத்தன. கடல் கடந்து கிளாஸ்கோ போய் 1837-இல் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து, கறுப்பின அனாதைக் குழந்தைகளின் இல்லத்தில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார்.

படிப்படியான ஒழிப்பை 1784-இலேயே தொடங்கிய கனெடிகட் மாநிலமோ, வெளிமாநிலக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஊரின் அனுமதியின்றிப் பாடம் நடத்துவதை 1833-இல் குற்றமாக்கியது. அப்படிக் கற்பித்த புரூடென்ஸ் கிராண்டல் என்ற ஆசிரியை சிறைக்குப் போனார். அவருடைய பள்ளியை மறு ஆண்டே ஒரு கும்பல் தாக்கியது. பள்ளி மூடப்பட்டது.

இவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.